கறள் பெட்டி

ஊர்காவற்றுறை ஐஸ் தொழிற்சாலையில் துஷாந்தியை எல்லோரும் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு நீளம் என்பதற்காக அல்ல. தண்ணீரை ஐஸ் கட்டியாக உறையவைக்கும் குழாய்களுக்குள் அமோனியா என்ற வாயு ஓடும். எங்காவது ஒரு பொருத்துத் தளர்ந்து அது மெல்லக் கசிந்தால், மற்றவர்கள் கண்ணைக் கசக்கத் தொடங்குவதற்குள் அவள் ஸ்பனரோடு அந்த இடத்தில் நிற்பாள். “ஆண்டவர் முதல் மூக்கைப் படைச்சுப்போட்டுத்தான் இவளின்ரை மிச்சத்தைப் படைச்சவர்” என்று சங்கத் தலைவர் சந்தியோகு போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார்.

அந்த மூக்கே ஒரு சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அவளை ஏமாற்றிவிட்டது.

துஷாந்தி பிறந்தது எழுவைதீவில். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் அங்கே ஐஸ் வராது. ஐஸ் வராத நாளில் ஓரா மீனின் வயிறு மத்தியானத்துக்குள் வெடித்துவிடும். தகப்பன் பாடுபட்டுப் பிடித்து வந்த மீனைத் தாயும் அவளும் வகிர்ந்து, உப்புப் போட்டு, மணலில் பாயை விரித்துக் காயவைப்பார்கள். தகப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பாராமல் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். நல்ல மீன் கருவாடாகிப் போவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அதனால்தான் உதயனைக் கலியாணம் செய்து ஊர்காவற்றுறைக்கு வந்த புதிதில், கரையிலிருந்த கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன, கோயிலுக்கு வந்த மாதிரி நிக்கிறீர்?” என்று உதயன் பகிடி பண்ணினான்.

“உள்ளுக்குப் போய்ப் பாக்கலாமோ?” என்று கேட்டாள் அவள்.

பார்க்கப் போனவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் ஐஸ் கட்டிகளுக்கு உமி தூவிச் சாக்குச் சுற்றும் வேலை. பிறகு இஞ்சினை ஓட்டிய மனிதர் வெளிநாடு போனார். அவர் போன கிழமையே இஞ்சின் நின்றுவிட்டது. வேறு ஆள் இல்லாததால் அவள் திறந்து பார்த்தாள். திறந்தவள் கையிலேயே அந்த இஞ்சினும் வந்து சேர்ந்தது.

டீசலுக்காக நாடே வரிசையில் நின்ற ஆண்டில் தொழிற்சாலை மூடிக்கிடந்தது. அங்குள்ள கம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவதல்ல, பழைய டீசல் இஞ்சின் ஒன்று பட்டி பூட்டி இழுப்பது. டீசல் திரும்பி வந்தபோதும் அதன் விலை சங்கத்துக்கு எட்டவில்லை. அப்போது புளியங்கூடல் அரியநாயகம் ஒரு வழி சொன்னார். அவர் குடும்பம் தெற்கே ஒரு பட்டினத்தில் நெடுங்காலம் இரும்புக்கடை வைத்திருந்தது. அங்கே வார்ப்புப் பட்டறைகளுக்கு நிலக்கரி விற்பவர்களை அவருக்குத் தெரியும். ஒரு லொறி கரி வந்து இறங்கியது.

துஷாந்தியும் வெல்டிங் கடை வின்சன்ற்றும் சேர்ந்து பழைய எண்ணெய்ப் பரல்களை வெட்டி ஒட்டி ஒரு உலை செய்தார்கள். உலைக்குள் காற்றை மட்டாக விட்டால் கரி முழுக்க எரியாது. எரியக்கூடிய வாயுவாக மாறி வெளியே வரும். அந்த வாயுவைத் தண்ணீர்ப் பரலுக்குள் விட்டுக் கழுவி, தென்னந்தும்பு அடைத்த பரலில் வடித்து, இஞ்சினுக்குக் கொடுத்தார்கள். சோற்றுக்கு ஊறுகாய் போலக் கொஞ்சம் டீசல் தொட்டுக்கொண்டால் போதும், இஞ்சின் ஓடியது. முதல் ஐஸ் கட்டி அச்சிலிருந்து கழன்று விழுந்தபோது, சந்தியோகு அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். எழுவைதீவுப் படகுகளும் சாக்கோடு வரத் தொடங்கின.

அது வாடைக்காற்றுக் காலம். தொழிற்சாலையின் காற்றெல்லாம் ஆளில்லாத வெளிப்பக்கம் போய்விடும். வைகாசி பிறந்து சோளகம் திரும்பியதுதான் தாமதம், முன்பள்ளி நடத்தும் றோசம்மா ரீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி தொழிற்சாலைக்குள் வந்து நின்றார்.

“துஷாந்தி, என்ன பிள்ளை நடக்குது இஞ்சை? சின்னஞ்சிறுசுகள் கண்ணைத் திறக்க ஏலாமல் நிக்குதுகள். பாட்டுப் படிக்கச் சொன்னால் இருமுதுகள்.”

துஷாந்தி வெளியே வந்து மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, அமோனியா. “கசியுது ரீச்சர். இண்டைக்கே பிடிச்சுத் தாறன்” என்றாள்.

அன்று தொடங்கிய தேடல் முடியவே இல்லை. ஐஸ் தொழிற்சாலைகளில் கசிவு பிடிக்க ஒரு வழி உண்டு. கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாயோரமாகக் கொண்டுபோவார்கள். அமோனியா கசியும் இடத்தில் குச்சியைச் சுற்றிப் பஞ்சுபோல வெள்ளைப் புகை கிளம்பும். துஷாந்தி ஒரு குழாய் விடவில்லை, ஒரு பொருத்து விடவில்லை. புகை கிளம்பவில்லை. நல்ல வாசர்களைக் கழற்றிப் புது வாசர் போட்டாள். கம்பிரசரையே பிரித்துப் பூட்டினாள். அந்த நாட்களில் ஐஸ் இல்லை, படகுகள் வெறும் சாக்கோடு திரும்பின. பூட்டி ஓட்டியதும் மணம் திரும்ப வந்தது.

“மூக்கிக்குத் தடிமன்போல, மூக்கு அடைச்சிட்டுது” என்று ஐஸ் ஏற்றுபவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மகள் நிலுஜாவும் அந்த முன்பள்ளியில்தான் படித்தாள். வீட்டில் பிள்ளை இருமும்போது உதயன் திரும்பி இவளைப் பார்ப்பான்.

கடைசியில் சங்கம் கூடியது. சந்தியோகு தலையைச் சொறிந்தபடி எழுந்தார். “கரி இஞ்சின் வந்தாப்பிறகுதான் இந்த வில்லங்கம் எண்டு சனம் கதைக்குது. எனக்கு விளங்கேல்லை, ஆனா பிள்ளையளின்ரை கண்ணோடை விளையாட ஏலாது. கோயில் திருநாளுக்குக் கொடி ஏற முதல் மணம் நிக்கோணும். நிக்காட்டி உலையைப் பிரிப்பம்.”

“பிரிச்சால் ஐஸ்?” என்று கேட்டாள் துஷாந்தி.

“ஐஸும் இல்லைத்தான் பிள்ளை” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

மறுநாள் மத்தியானம், தேடிக் களைத்துப்போய், தொழிற்சாலையின் பின்மதிலில் ஏறி இருந்தாள். கீழே ஒரு வாய்க்கால். உலைவாயுவைக் கழுவிய தண்ணீர் அதன் வழியாக முன்பள்ளி வேலியோரம் போய் மணலில் ஊறும். அந்த வாய்க்காலை வெட்டியவளும் அவள்தான். கையில் பாதி எரிந்த கந்தகக் குச்சி இருந்தது. எரிச்சலில் அதை வாய்க்காலுக்குள் எறிந்தாள்.

குச்சி தண்ணீரைத் தொடுமுன்னே, அது விழுந்த வழியெல்லாம் வெள்ளைப் புகை எழுந்தது.

துஷாந்தி மதிலிலிருந்து குதித்தாள். இன்னொரு குச்சியைக் கொளுத்தித் தண்ணீருக்கு மேலே பிடித்தாள். மறுபடி புகை. குழாய்களுக்குள் இருந்த அமோனியா குழாய்களுக்குள்ளேயே இருந்தது. இது வேறு அமோனியா. கரியிலிருந்து வருவது! ஐஸ் வேலைக்காரிக்கு அமோனியா என்றால் குழாய் என்றே பழகிவிட்டதால், வேறு எங்கிருந்தும் அது வரலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

காரணம் தெரிந்த மகிழ்ச்சியில் அவள் ஆற அமர யோசிக்கவில்லை. உதயனையும் இரண்டு பேரையும் கூட்டிவந்து வாய்க்காலைத் திருப்பிக் கடலுக்கு வெட்டுவித்தாள். வாயு இன்னும் நன்றாகக் கழுவப்படட்டும் என்று தண்ணீரையும் கூட்டிவிட்டாள். முன்பள்ளிப் பக்கம் மணம் குறைந்தது. ஆனால் அடுத்த நாள் காலை உதயன் இரண்டு கைகளையும் குவித்தபடி குசினி வாசலில் வந்து நின்றான். கைக்குள் செத்த மீன்குஞ்சுகள்.

“வாய்க்கால் வாயிலை மிதக்குது. கடலிலை விட்டால் கடல் பாத்துக்கொள்ளும் எண்டு நினைச்சனீரோ? நான் எங்கை போய் வலை போட?”

அன்று அவளே உலையை நிறுத்தி, வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள்.

இதற்கிடையில் றோசம்மா ரீச்சர் சும்மா இருக்கவில்லை. ஒருகாலம் தன்னிடம் அகரம் எழுதப் பழகிய பவதாரணி என்ற பெண் இப்போது பல்கலைக்கழகக் கம்பஸில் இரசாயன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, “வந்து உந்த மணத்தை அளந்து தா பிள்ளை, நான் பெட்டிசம் எழுதப்போறன்” என்று கூப்பிட்டிருந்தார். பவதாரணி ஒரு பையோடு வந்தாள். பைக்குள் விரல் பருமனில் கண்ணாடிக் குழாய்கள். காற்றை அதற்குள் இழுத்தால், அமோனியா இருக்கும் அளவுக்கு உள்ளேயுள்ள பொடி நிறம் மாறும். துஷாந்தி அவளுக்காக உலையைக் கொஞ்ச நேரம் மூட்டிக் காட்டினாள். குழாய் அடியிலிருந்து நுனிவரை நிறம் மாறியது.

“எழுதுங்கோ பெட்டிசத்தை” என்று கூடவே நின்ற ரீச்சரிடம் சொன்ன துஷாந்தி, பவதாரணியின் பக்கம் திரும்பினாள். “ஆனா அதுக்கு முதல், இது ஏன் வருது எண்டு எனக்குச் சொல்லும்.”

பவதாரணி அங்கே கிடந்த பழைய கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அக்கா, நிலக்கரி எண்டுறது மண்ணுக்குள்ளை புதைஞ்ச பழங்காலத்து மரம் செடியள். உயிரோடை இருந்த எதிலையும் நைதரசன் கிடக்கும். கரியை வாயுவாக்கேக்கை அந்த நைதரசனிலை ஒரு பங்கு அமோனியாவா வெளிக்கிடுது. இன்னொரு சின்னப் பங்கு...” சற்றுத் தயங்கினாள். “அது சயனைட் சாதி.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சந்தியோகு நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, உந்தச் சொல்லை இந்த ஊரிலை சத்தமாச் சொல்லாதையும். சண்டைக் காலம் கண்ட சனம், வேறை ஏதும் நினைக்கும்.”

“கழுவினால் தண்ணியிலை போகுது. கழுவாமல் விட்டால்?” என்று கேட்டாள் துஷாந்தி.

“இஞ்சினுக்குள்ளை எரிஞ்சு, புகைக்குழாயாலை நெஞ்சை எரிக்கிற புகையா வரும். தண்ணியிலை விட்டாலும் காத்திலை விட்டாலும் இடம்தான் மாறும் அக்கா. உடைக்கத்தான் வேணும். உடைச்சால் வெறும் நைதரசன் ஆகிடும். இப்ப நாங்கள் இழுக்கிற மூச்சிலை முக்காலுக்கு மேலை அதுதான். ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது.”

“எதாலை உடைக்கிறது? சுத்தியலாலையோ?” என்றார் சந்தியோகு.

“சூடான இரும்பாலை.”

பகிடிக்குப் பதில் பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார். பவதாரணி சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“உண்மையாத்தான். உலையிலிருந்து வாற வாயுவைச் சூடான இரும்புத்தாதுப் பொடிக்குள்ளாலை விடுறவை. அமோனியா அதிலை பட்டு உடையும். மற்றதும் குறையும். ஆனா அந்தத் தாதை வெளியிலையிருந்து எடுப்பிக்கோணும். வர மாதக்கணக்காகும்.”

துஷாந்தி கூரையைப் பார்த்தாள். தகரத்தின் ஓட்டைகளால் வெயில் காசுகாசாக விழுந்துகொண்டிருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்து, கறளாகி உதிர்ந்த ஓட்டைகள்.

“இரும்புத்தாது இல்லாட்டி, இரும்புக்கறள் சரிவராதோ?”

பவதாரணி வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு மெல்லச் சொன்னாள். “தாதும் ஒரு கணக்கிலை கறள்தான். சரிவரலாம்... நான் உலையிலை செய்து பாத்ததில்லை. பிழைச்சால் என்னைப் பேசக்கூடாது.”

“பிழைச்சால் ரெண்டுபேரும் சேர்ந்து பேச்சு வாங்குவம், தங்கச்சி.”

பெட்டிசம் எழுத வந்த றோசம்மா ரீச்சர் பேனையை மூடினார். “கொடி ஏறும் மட்டும் பொறுக்கிறன். அதுக்குப் பிறகு எழுதுவன், சொல்லிப்போட்டன்” என்றார்.

தீவில் கறளுக்குப் பஞ்சமா? இரண்டு மாரிக்கு ஒரு கதவுப் பிணைச்சல் கறள் தின்று போய்விடும். உடைந்த வள்ளங்களின் ஆணிகள், நங்கூரச் சங்கிலிகள், காவலரண்கள் இருந்த காணிகளில் புதைந்து கிடந்த முட்கம்பி, எல்லாம் சாக்குச் சாக்காக வந்தன. பவதாரணி பெயின்ற் பூசியதையும் துத்தநாகம் பூசியதையும் பொறுக்கி வெளியே எறிந்தாள். மிச்சத்தைத் துஷாந்தி இடித்துச் சிறு துண்டுகளாக்கினாள். வின்சன்ற் தடித்த தகட்டில் ஒரு பெட்டி ஒட்டிக் கொடுத்தான். பவதாரணி கம்பஸுக்குத் திரும்பியிருந்த நாளில், துஷாந்தி பெட்டியைக் கறளால் நிரப்பிக் குழாய்வழியில் பூட்டி உலையை மூட்டினாள்.

வாயுவைக் கழுவிய தண்ணீருக்கு மேலே கந்தகக் குச்சியைப் பிடித்தாள். அதே புகை. மயிரளவும் குறையவில்லை.

பார்த்துக்கொண்டு நின்ற சந்தியோகு திரும்பிக் கரைப்பக்கம் நடந்தார். கொடியேற்றத்துக்கு அதிக நாள் இல்லை. கோயில் வீதியில் அலங்காரத் தோரணங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். அவள் சோர்ந்துபோய் அந்தப் பெட்டியிலேயே கையை ஊன்றினாள்.

ஊன்றிய கை சுடவில்லை.

கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பெட்டி குளிர்ந்து கிடந்தது. அவள் அதைத் தண்ணீர்ப் பரலுக்குப் பின்னால் பூட்டியிருந்தாள். ஐஸ் வேலையில் கைப்படும் எதையும் முதலில் குளிரவிடுவதுதான் பழக்கம். வாயு கழுவிக் குளிர்ந்து வந்த பிறகு கறளுக்குள் போனால் அங்கே என்ன உடையும்? உடனே பவதாரணிக்கு அழைத்துச் சொன்னாள்.

“சூடான இரும்பு எண்டு நான் சொன்னனான்தானே அக்கா?”

“சொன்னனீர். காது கேட்டது, கை கேக்கேல்லை.”

மறுமுனையில் பவதாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். “எனக்கும் பிழைதான். எந்த இடத்திலை பூட்டுறது எண்டு கீறித் தந்திருக்கோணும். உலை வாயோடை பூட்டுங்கோ. இரும்பு செந்தணலா இருக்கோணும். நான் வாறன்.”

பெட்டியைக் கழற்றி உலையின் வாயோடு ஒட்டினார்கள். சூடு போகாமல் களிமண்ணும் உடைந்த செங்கல்லும் வைத்துத் துஷாந்தி வீட்டுச் சுவர்போல மெழுகினாள். கழுவும் தண்ணீரை இனி வெளியே விடுவதில்லை என்று ஒரு மூடிய தொட்டியும் கட்டி, அதையே சுற்றிச் சுற்றிப் பாவிக்க ஏற்பாடு செய்தாள். மறுபடி உலை மூட்டிய அன்று பவதாரணி பக்கத்தில் நின்றாள். பெட்டியின் சிறு துவாரத்தால் பார்த்தபோது முட்கம்பித் துண்டுகள் மாம்பழ நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன.

பவதாரணி கண்ணாடிக் குழாயில் வாயுவை இழுத்தாள். நிறம் ஏறியது, ஏறியது, காற்பங்குக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவள் நம்பாமல் இன்னொரு குழாயை எடுத்தாள். அதிலும் அங்கேயே நின்றது. பிறகு புகைக்குழாயையும் சோதித்தாள்.

“முழுக்கப் போகேல்லை அக்கா. ஆனா பெரும்பங்கு உடைஞ்சிட்டுது. புகையும் முந்தினதிலும் நல்லம். கறளிலை கரிப்புகை படியப் படிய வேலை குறையும். அப்பப்ப மாத்தோணும்.”

“கறள்தானே? மாத்துவம்” என்றாள் துஷாந்தி. சொல்லிக்கொண்டே அடுத்த சாக்குக் கறளை அவிழ்த்தாள்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை, சோளகம் பலமாக வீசிக்கொண்டிருந்தது. இஞ்சின் முழு வேகத்தில் ஓடியது. சந்தியோகுவும் சங்கத்து ஆட்களும் முன்பள்ளி முற்றத்தில் கூடினார்கள். குழாயின் நிறத்தை அவர்கள் நம்பத் தயார். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் றோசம்மா ரீச்சர். சோளகம் திரும்பிய நாள்முதல் பூட்டிக்கிடந்த தெற்கு யன்னலை அவர் திறந்தார். முகத்தை வெளியே நீட்டி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். நிலுஜா உட்பட எல்லாப் பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் நின்று தாங்களும் இழுத்தார்கள்.

“மணக்குது” என்றார் ரீச்சர்.

துஷாந்தி உலையை நிறுத்தத் திரும்பினாள். சந்தியோகு நிலத்தைப் பார்த்தார்.

“என்ன மணம் ரீச்சர்?” என்று பவதாரணிதான் கேட்டாள்.

“ஓரா மீன் மணம்.” ரீச்சர் கண்ணைத் திறந்தார். “ஆரோ கரையிலை மீனை வைச்சுக்கொண்டு ஐஸுக்கு நிக்கினம். நீங்கள் எல்லாரும் இஞ்சை நிண்டு என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தால் ஆர் குடுக்கிறது? மூக்கி, உமக்குமோ மணக்கேல்லை?”

அப்போதுதான் துஷாந்திக்கு மணத்தது. இத்தனை நாளும் அமோனியாவுக்கு அடியில் மறைந்திருந்த கரையின் மணம், மீன், சாதாளைப் பாசி, ஈரவலை எல்லாம் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. முன்பள்ளிக்குள் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இருமல் கேட்கவில்லை. அவள் கரையை நோக்கி ஓடினாள்.

எழுவைதீவுப் படகொன்று அணைந்து நின்றது. படகுக்காரர் கூடையை ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு, தொழிற்சாலைக் கதவையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாளாக வெறும் சாக்கோடு திரும்பியவர் அவர்.

“தங்கச்சி, இண்டைக்காவது ஐஸ் கிடக்கோ? இல்லாட்டி உப்புத்தானோ?”

“கிடக்கண்ணை” என்றாள் துஷாந்தி, தொழிற்சாலைக் கதவைத் திறந்து, ஐஸ் அறுக்கும் வாளை எடுத்து முதற்கட்டியின் மேல் வைத்தபடி. “எவ்வளவு வேணும், சொல்லுங்கோ.”